கஞ்சா அறைக்கு ஒரு பட்டாளம்

போன மாதம் முத்துமாரி என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பழைய கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள், சிவகங்கைப் பக்கத்துப் பெண். நான் ரிட்டையர் ஆன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இங்க பாருங்கக்கா, வெளிநாட்டுல ராணுவத்துல இருந்து வந்தவுகளுக்குக் கஞ்சா மருந்தைக் கொறஞ்ச வெலைக்குக் குடுக்கணும்னு பேசிக்கிட்டு இருக்காக. எம்புட்டுப் பெரிய புரட்சி!" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடி போடி இவளே! அந்தப் புரட்சியை நாங்க ஒரகடத்துல எப்பவோ பண்ணி முடிச்சி, கை கழுவினு வூட்டுக்கு வந்துட்டோம்" என்றேன். அவள் நம்பவில்லை. "அப்படின்னா எழுதிக் குடுங்கக்கா, நம்ம கம்பெனி ஆண்டு மலர்ல போடுவோம்" என்றாள்.

எழுதிவிட்டேன். முதலாளியின் சிரித்த படத்துக்குப் பக்கத்தில் இதைப் போடுவார்களா என்பது அவள் பாடு. எனக்கென்ன வந்தது? பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படலாம் என்றால் அப்படி ஒன்றும் கொடுக்கவே இல்லை.

எனக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து நிலமெல்லாம் தொழிற்சாலைக்குப் போனது. நிலம் விற்ற வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு மோட்டார் பைக் வாங்கினார்கள். பெண்கள் வேலை தேடினோம். சுற்றிலும் கார் கம்பெனியும் கண்ணாடிக் கட்டிடமுமாக எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சித்த மருந்துக் கம்பெனி என்னைச் சேர்த்துக்கொண்டது. பாத்திரம் கழுவினேன், சுக்கு இடித்தேன், லேகியம் கிண்டுகிற துடுப்பு பிடித்தேன், கடைசியில் லேகியப் பகுதிக்கு சார்ஜ்ஹேண்ட் ஆனேன். சார்ஜ்ஹேண்ட் என்பது சூப்பர்வைசர் வேலையை ஹெல்பர் சம்பளத்தில் செய்கிறவருக்கு வைத்திருந்த கௌரவமான பெயர்.

நாங்கள் கிண்டிய லேகியங்களில் ஒன்றுக்கு மட்டும் ராஜ மரியாதை. அதில் கஞ்சா இலை சேரும். வாயைப் பிளக்க வேண்டாம், எல்லாம் லைசென்ஸ் வாங்கிச் செய்கிற வேலைதான். இலையைப் பல தண்ணீர் பார்த்து அலசி, பாலில் அவித்து, நிழலில் உலர்த்தி, நெய்யில் வறுத்துப் பொடித்து, பனைவெல்லப் பாகில் மற்ற சரக்குகளோடு சேர்ப்போம். வலிக்கும் தூக்கத்துக்கும் வைத்தியர் சீட்டு எழுதினால்தான் விற்கலாம். ஒரு பிடி இலையை எடுப்பதற்கு முன்னால் நடக்கிற சடங்கு இருக்கிறதே, கோயிலில் கர்ப்பக்கிரகம் திறக்கிறபோதுகூட இத்தனை கிடையாது.

அந்த இலை இருந்த அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கம்பெனிக்கு, அதாவது எனக்கு. இன்னொன்று கலால் துறை அதிகாரிக்கு. இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். எங்களுக்கு வாய்த்த அதிகாரி வரதராஜன் சார். வாராவாரம் செவ்வாய்க்கிழமை மொபெட்டில் வருவார். கம்பெனி நாற்காலியில் உட்கார மாட்டார், கம்பெனி தண்ணீர் குடிக்க மாட்டார், கம்பெனி ஃபேனுக்குக் கீழே நிற்கிறதுகூட லஞ்சம் ஆகிவிடுமோ என்று சந்தேகம். தண்ணீர் பாட்டில், பேனா, அரக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவருவார். சாவியை ஒரு துணிப் பையில் போட்டு, அந்தப் பையைச் சட்டைக்கு உள்பக்கம் ஊக்கு குத்தி வைத்திருப்பார். ஊக்கைக் கழற்றுகிற நேரத்தில் எல்லாப் பெண்களும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்போம்.

சாவியை எடுத்ததும் கைக்குட்டையால் பூட்டைத் துடைப்பார். பிறகு இருமுவார். சும்மா செருமல் இல்லை, அடிவயிற்றிலிருந்து நல்ல முழு இருமல். உள்ளே இருக்கிற இலைக்கு "வருகிறேன், எழுந்து உட்கார்" என்று சொல்வதுபோல் இருக்கும். அந்த இருமல் இல்லாமல் அவர் பூட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கிண்டி முடித்தபின் வாணலியில் ஒட்டியதைச் சுரண்டி, சுண்ணாம்புக் குழியில் கொட்டி மூடுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

ஒருமுறை வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் கேட்டேன். "சார், சுரண்டலை இப்டி மண்ணுல கொட்றதுக்கு எவனாவது வலிக்காரனுக்குக் குடுத்தா இன்னா சார்?"

"விற்றா மருந்தும்மா. சும்மா குடுத்தா குற்றம்" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காசு வாங்காமல் நல்லது செய்தால் உள்ளே போக வேண்டும் என்ற சட்டத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு நல்ல வழக்கமும் இருந்தது, மறைக்கக் கூடாது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊழியர்களுக்கு அடக்க விலையில் மருந்து கொடுப்பார்கள். கஞ்சா லேகியமும் அதில் உண்டு. ஆனால் வைத்தியர் சீட்டு வேண்டும், அதிகாரி முன்னால் வாங்க வேண்டும். லேபிள் ஒட்டிய சாதா பிளாஸ்டிக் டப்பா. எங்கள் பெண்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. இரண்டு ஷிப்டு துடுப்பு போட்டவளுக்குத் தூக்கம் வரத் தனி லேகியம் எதற்கு?

ஹவில்தார் ஏகாம்பரம் எங்கள் கேட்டுக்கு வந்தது ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னால். வேலூர் பக்கத்து மனுஷன். ராணுவத்திலிருந்து வந்து, எங்களுக்கு இரண்டு கம்பெனி தள்ளி ஒரு கார் உதிரிப்பாகக் கம்பெனியில் செக்யூரிட்டியாக நின்றார். அந்த நாளில் இந்த ரோட்டில் எந்த கேட்டைப் பார்த்தாலும் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் நிற்பார். எல்லையில் நின்றவர்கள் எல்லாம் இங்கே கார் வந்தால் கேட்டுக் கம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கடையில் லேகியம் தீர்ந்துவிட்டது என்று ஸ்ரீபெரும்புதூர் சித்த வைத்தியர் அம்மா எழுதிய சீட்டோடு நேரே எங்களிடம் வந்துவிட்டார். நல்ல உயரம், விறைப்பான நடை. இடது கால் மட்டும் ஒரு கணம் தாமதித்துத் தரையைத் தொட்டது.

"இன்னாண்ணே வலி?" என்றேன்.

"காலு தங்கச்சி."

"எந்தக் காலு?"

"இல்லாத காலு. இருக்கற காலு நல்லாத்தான் கீது."

நான் கிண்டல் என்று நினைத்து முறைத்தேன். அவர் பேண்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். வடக்கே கண்ணிவெடியில் போனதாம். "சுண்டு வெரலும்மா. வெடி தூக்கினு போச்சே, அதே சுண்டு வெரலு. படுத்தா எவனோ கொறடு வெச்சி முறுக்குறான். தடவிக் குடுக்கலாம்னு கையை வுட்டா அங்க பாயி தான் கீது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ராணுவ ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். போட்டால் பகலெல்லாம் தலை நிற்கவில்லை, போடாவிட்டால் ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. கேட்டில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஆகாது. "பட்டாளத்துல காவலுக்கு நிக்கறவன் தூங்கினா அதைவிட அசிங்கம் கெடையாது தங்கச்சி. நான் நின்னுகினே தூங்கிடுவனோன்னு பயமா கீது" என்றார். அவருக்கு வலியைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஊரில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த கேட்டுச் சம்பளத்தையும் நம்பித்தான் இருந்தார்கள்.

லேகியம் அவருக்குக் கேட்டது. வலி போய்விட்டது என்று அவர் சொல்லவே இல்லை. "முறுக்கறவன் கொஞ்சம் தூரமா போய் முறுக்குறான், அதுக்குள்ள நான் தூங்கிடறேன்" என்பார். அடுத்த மாதம் கேட்டில் என்னைப் பார்த்ததும் குதிகாலை அடித்து ஒரு சல்யூட் வைத்தார். என்னை ஒரு ஆண்பிள்ளை நிமிர்ந்து நின்று மரியாதை செய்தது அதுவே முதல் தடவை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தால் பொறுக்குமா? முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து சேர்ந்தார். வந்ததும் எங்களை நிற்க வைத்து, "நாம மருந்து விக்கலை, நிம்மதி விக்கறோம்" என்றார். நிம்மதிக்குப் பிளாஸ்டிக் டப்பா பொருந்தவில்லை. கண்ணாடி ஜாடி வந்தது. தங்க நிற மூடி வந்தது. வெள்ளி பூசிய குட்டிக் கரண்டி வந்தது. எல்லாவற்றையும் வைக்க, உள்ளே வெல்வெட் தைத்த பெட்டி வந்தது. கல்யாணத்துக்கு நெக்லஸ் வாங்கினால் அப்படி ஒரு பெட்டி கொடுப்பார்கள். உள்ளே இருந்த லேகியம் மட்டும் அதே வாணலி, அதே துடுப்பு, அதே எங்கள் வேர்வை. விலை மட்டும் பறந்துவிட்டது. கடைக்குப் போகிற பழைய டப்பாவை நிறுத்திவிட்டார்கள்.

ஏகாம்பரம் அண்ணன் பெட்டியைத் திறந்து வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார். "இதுல என் காலை வெச்சிருந்தா பத்திரமா இருந்திருக்கும்" என்றார். வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்து வந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நெல்லிக்காய் அளவு சாப்பிட வேண்டியதை சுண்டைக்காய் அளவாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார். கேட்டில் நின்றபடியே கண் அசந்து, வந்த காருக்குக் கம்பியைத் தூக்காமல் விட்டுவிட்டார். இன்னொரு தடவை தூங்கினால் வேலை இல்லை என்று அவரை அனுப்பிய ஏஜென்சி சொல்லிவிட்டது.

நேரே சின்ன முதலாளி அறைக்குப் போனேன். "சார், நாட்டுக்காகக் காலைக் குடுத்தவங்க இந்த ரோட்ல எவ்ளோ பேரு நிக்கறாங்க. அவுங்களுக்கு மட்டும் பழைய வெலைக்குக் குடுத்தா இன்னா சார்?" என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கண்ணில் தண்ணீர் வராத குறை. "அருமையான ஐடியா! உடனே செய்யறோம்" என்றார். நானும் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷமாக வெளியே வந்தேன்.

உடனே செய்தார்கள், பாராட்டு விழா. கம்பெனி வாசலில் ஷாமியானா போட்டு, சுற்றுவட்டார கேட்டுகளில் நின்ற முன்னாள் ராணுவத்தினரை எல்லாம் வரிசையாக உட்கார வைத்தார்கள். தேசபக்திப் பாட்டு போட்டார்கள். சின்ன முதலாளி பேசும்போது தொண்டை கம்மியது, போட்டோ எடுக்கிறவர் பக்கம் வந்ததும் சரியானது. ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்தின் நடுவில் கம்பெனி பெயர். லேகியத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஏகாம்பரம் அண்ணன் கடிகாரத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். "ராத்திரி பூரா முழிச்சினு கெடக்கறவனுக்குக் கடியாரம் குடுத்துகீறாங்க தங்கச்சி. மணி பாத்துக்கச் சொல்லி" என்றார்.

நான் விடவில்லை. மறுபடி போய் நின்றேன். இந்த முறை சின்ன முதலாளி யோசித்து ஒரு திட்டம் சொன்னார். விலையில் பாதிக்குமேல் ஜாடிக்கும் பெட்டிக்கும்தானே போகிறது? ராணுவத்தினர் லேகியத்தை வாங்கி, அங்கேயே வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, ஜாடி, கரண்டி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம். வெளிநாட்டில் பால் பாட்டிலுக்கு இப்படிச் செய்வார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் ஆளாக ஏகாம்பரம் அண்ணன் வந்தார். வரதராஜன் சார் வராத ஒரு திங்கட்கிழமை அது. வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸில் லேகியத்தை வழித்துப் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, பணம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனார்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது அதைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். தங்கியிருந்த அறையில் கூட இருந்த பையன்கள் லட்டு என்று தின்றுவிடுவார்களோ என்று பயம். வழியில் போலீஸ் சோதனை. அந்தச் சமயம் எதற்காகவோ எல்லோரையும் நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்னாய்யா இது கறுப்பா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தீபாவளி லேகியம் என்று சொல்லியிருப்பான். நானாக இருந்தால் புளிக்காய்ச்சல் என்றிருப்பேன். இவர் பட்டாளத்துக்காரர் ஆயிற்றே! சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, விறைப்பாக நின்று, "கஞ்சா லேகியம் சார்" என்றார்.

எங்கள் கம்பெனிக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது நல்லவேளையாகச் செவ்வாய்க்கிழமை, வரதராஜன் சார் அப்போதுதான் சட்டைக்குள் கை விட்டு ஊக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சாவியைத் திரும்பப் பையில் போட்டு ஊக்கைக் குத்தினார். "அவர் திருப்பிக் குடுத்த ஜாடி எங்கே?" என்றார். அலமாரியில் இருந்தது. "எடுத்துக்கிட்டு வாங்க. மூடி, கரண்டி, பெட்டி எல்லாம் வேணும்." அவர் மொபெட்டில் முன்னால் போக, நான் வெல்வெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி லோடு ஆட்டோவில் பின்னால் போனேன்.

ஏகாம்பரம் அண்ணன் யூனிபார்மோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போய், பிறகு எழுந்திருக்கலாமா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. "சார், நீங்களே சொல்லுங்க. லேபிள் இல்லாம ஒரு டப்பா கஞ்சா. ஆளே வாயால ஒத்துக்கறாரு. நான் இன்னா பண்றது?" என்றார்.

வரதராஜன் சார் உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காரவில்லை. லேகியத்தில் ஒரு துளி எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். "இது என் சாவியில திறந்து, என் முன்னால கிண்டினது. தீர்வை கட்டியாச்சு. வைத்தியர் சீட்டு அவர் பையிலேயே இருக்கு" என்றார்.

"லேபிள் இல்லியே சார்?"

"லேபிள் ஜாடியில இருக்கு. ஜாடி இந்தம்மா கையில இருக்கு. ஒரு பழைய பேப்பர் குடுங்க."

பேப்பரை மேஜையில் விரித்தார். பெட்டியைத் திறந்து அந்த வெள்ளிக் கரண்டியை எடுத்தார். டிபன் பாக்ஸிலிருந்து லேகியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஜாடிக்குள் வைத்து, மூலைமுடுக்கெல்லாம் வழித்து, விளிம்பைத் துடைத்து, மூடியைத் திருகினார். ஸ்டேஷனே அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜாடியை வெல்வெட்டில் படுக்க வைத்துப் பெட்டியை சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினார். "இப்ப இது என்னன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் லேபிளை மேலிருந்து கீழ்வரை படித்தார். "மருந்து சார்."

"அப்ப நாங்க கிளம்பறோம்."

சோதனை போட்ட கான்ஸ்டபிள் வாசல்வரை பின்னாலேயே வந்தார். "தீபாவளி லேகியம்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே ஒரு வாய் துன்னுட்டு அனுப்பிருப்பனேய்யா" என்று அங்கலாய்த்தார். "கேட்டீங்க, சொன்னேன் சார்" என்றார் ஏகாம்பரம் அண்ணன். ஜாடி திரும்ப அவரிடமே வந்துவிட்டதால், வாங்கிய பணத்தைக் கம்பெனியில் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். திட்டம் அதோடு மூடப்பட்டது.

கேஸ் இல்லை, கையெழுத்து இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் யூனிபார்மோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததை யாரோ பார்த்து ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். "கஞ்சா கேஸ் ஆளை கேட்ல நிறுத்த முடியாது" என்று அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். தூங்கினால் வேலை போய்விடும் என்று பயந்தவருக்கு, தூக்கத்துக்கு மருந்து வாங்கியதால் வேலை போயிற்று.

அடுத்த செவ்வாய் எங்கள் கேட்டுக்குச் சொல்லிக்கொண்டு போக வந்தார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய அந்தச் சுவர்க் கடிகாரம். "ஊருக்கே போறேன் தங்கச்சி. அங்க இன்னா வேலைன்னு தெரில. தூக்கம் வராதவனுக்கு எங்க இருந்தா இன்னா" என்றார். நான் அழுதுவிட்டேன். அழுகையோடு கோபமும் வந்து, சின்ன முதலாளியை, ஏஜென்சியை, போலீஸை, கடைசியில் பக்கத்தில் நின்ற வரதராஜன் சாரையும் சேர்த்துத் திட்டினேன். "எல்லாத்துக்கும் விதி வெச்சிகீறீங்களே சார், இந்த மனுஷன் தூங்கறதுக்கு ஒரு விதி இல்லியா ஒங்க புஸ்தகத்துல?"

அவர் கோபிக்கவில்லை. "ராணுவத்தினருக்குன்னு ஒண்ணும் இல்லைம்மா" என்றார். பிறகு, "ஊழியர்களுக்கு உங்க கம்பெனியில அடக்க விலை இருக்கு இல்லையா? லேபிள் ஒட்டின டப்பாவில?" என்றார்.

"கீது. அதுக்கு?"

நேரே அறைக்குப் போனார். பூட்டைத் துடைத்தார், இருமினார், திறந்தார். வேலை முடிந்ததும் ஆய்வுக் குறிப்பில் இரண்டு வரி எழுதி என்னிடம் காட்டினார். கஞ்சா அறைக்குக் காவல் போதாது. முன்னாள் ராணுவத்தினரை நியமிப்பது நல்லது. அவ்வளவுதான். கலால் அதிகாரியின் குறிப்பு என்றால் பெரிய முதலாளிக்கே வேர்க்கும். லைசென்ஸ் போய்விட்டால் நிம்மதியை எங்கே போய் விற்பது? ஏகாம்பரம் அண்ணன் டிரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்னாலேயே அவரைக் கூப்பிட்டுவர ஆள் போனது. எங்கள் அறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். மாதம் பிறந்ததும், மற்ற ஊழியர்களோடு வரிசையில் நின்று அடக்க விலையில் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். விஷயம் மற்ற கேட்டுகளுக்குப் பரவிவிட்டது. குண்டுச் சில்லு உடம்பில் தங்கியவர், பனியில் விரல் போனவர், முதுகெலும்பு நொறுங்கியவர் என்று வைத்தியர் அம்மாவின் சீட்டோடு ஒவ்வொருவராக வந்து, "காவல் வேலை எதுனா கீதாம்மா?" என்று கேட்டார்கள். நான் வரதராஜன் சாரைப் பார்த்தேன்.

"விதியில குறைஞ்சது ஒரு காவலாளின்னு இருக்கு. அதிகபட்சம் எத்தனைன்னு சொல்லலை" என்றார். "தினக்கூலியும் ஊழியர்தான். ஒரு நாள் வேலை பார்த்தாலும் ஊழியர்தான்." அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான், அதையும் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

இப்படித்தான் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் கஞ்சா அறைக்கு ஒரு பட்டாளமே காவல் நிற்க ஆரம்பித்தது. அவரவர் கேட்டில் வாராந்திர லீவை அன்றைக்கு மாற்றி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வலி இருப்பதாக வைத்தியர் சீட்டு கொண்டுவந்தால்தான் வேலை. உடம்பு சரியில்லாதவனைத் தேடி வேலைக்கு எடுத்த கம்பெனி இந்த ரோட்டில் எங்களுடையது ஒன்றுதான். உள்ளே ஒரு மூட்டை காய்ந்த இலை, வெளியே இரண்டு பூட்டு, அதைச் சுற்றி மெடல் வாங்கிய ஆட்கள். சின்ன முதலாளி ஒருநாள் வெளிநாட்டு விருந்தாளியைக் கூட்டிவந்தபோது அந்த ஆள் மிரண்டுவிட்டார். "அவ்வளவு மதிப்புள்ள சரக்கு" என்று இவர் பெருமையாகச் சொன்னார். வெல்வெட் பெட்டியின் விலை மறுபடி ஏறியது. எங்கள் டப்பாவின் விலை ஏறவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் மட்டும் மாதம் முழுவதும் அந்த ஸ்டூலில் தனியாக இருந்தார். ராத்திரி தூக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனாலும் பகலில் ஸ்டூலில் சாய மாட்டார், செயற்கைக் காலைக் கழற்ற மாட்டார். "காவல்ல கீறேன் தங்கச்சி" என்பார்.

பட்டாளம் வர ஆரம்பித்து நாலைந்து மாதம் போயிருக்கும். முதல் செவ்வாய். வரதராஜன் சார் வந்தார், நான் சாவியோடு பின்னால் போனேன். அறை வாசலில் எல்லோரும் வழக்கம்போல விறைப்பாக நிற்கிறார்கள். நடுவில் ஸ்டூலில் ஏகாம்பரம் அண்ணன் சுவரில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். கழற்றிய கால் பக்கத்தில் சுவரோரமாக நின்றது.

காவலில் தூங்குகிறவரை இவர் எழுதாமல் விடுவாரா? எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். நரைத்த மீசைக்கார சுபேதார் ஒருவர் என்னைத் தடுத்து, காதோரம் சொன்னார். "நாங்க இத்தினி பேரு கீறோம், நீ காலைக் கழட்டி வெச்சி உக்காரு ஏகாம்பரம்னு சொன்னோம்மா. உக்காந்தவன் அப்டியே தூங்கிட்டான்."

வரதராஜன் சார் ஸ்டூலைப் பார்த்தார். சுவரோரம் நின்ற காலைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் அறைக்கா காவல் நின்றார்கள்? பிறகு சத்தமில்லாமல் ஊக்கைக் கழற்றி, சாவியை எடுத்து, கைக்குட்டையைப் பூட்டின்மேல் சுற்றிக்கொண்டு திருகினார். என் பூட்டையும் அப்படியே திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இலையை நிறுத்தோம், அரக்கு வைத்தோம், மூடினோம். எல்லாம் ஊமைகள்போலச் செய்தோம். ஆய்வுக் குறிப்பில், காவல் போதுமானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரம் அண்ணன் அசையவில்லை.

மொபெட்டை உள்ளே ஸ்டார்ட் செய்யாமல் கேட்டுவரை தள்ளிக்கொண்டே போனார். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, அதுவரை அடக்கி வைத்திருந்த இருமலையெல்லாம் இருமித் தீர்த்துவிட்டு, அப்புறம்தான் வண்டியைக் கிளப்பினார்.